குறைஞ்ச காசுக்கு நல்ல டயர்: கொழும்பில முதல்முதல் டயர் மாத்திறவங்களுக்கு

2024ல இருந்த சேமிப்பையெல்லாம் போட்டு ஒரு பழைய வேகன் ஆர் கார் வாங்கினன். வாங்கி கொஞ்ச நாள்லயே கராஜ் பாஸ் டயர் நாலையும் மாத்தச் சொல்லிட்டார். எனக்கு டயரைப் பத்தி ஒண்டும் தெரியாது, கறுப்பா வட்டமா இருந்தா சரி எண்டு நினைச்ச ஆள். நாலு கடைக்கு போன் போட்டு, ஆகக் குறைய விலை சொன்ன கடைக்குப் போய் ஒண்டு 16,000 படி நாலும் போட்டு, 64,000 குடுத்திட்டு, லாபமா வாங்கிட்டன் எண்டு மனுசிக்கு போன் எடுத்து பெருமையும் அடிச்சன்.

ரெண்டு மாசம் கழிச்சு ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்குது எண்டு கொட்டாஞ்சேனைப் பக்கம் அலைன்மென்ட் (சில்லெல்லாம் நேரா நிக்குதா எண்டது) பாக்கப் போனன். காரை லிஃப்ட்ல ஏத்தினதும் அங்க வேலை செய்யிற தம்பி போன் டார்ச்ச அடிச்சுக்கொண்டு டயரின்ட உள்பக்கத்தப் பாத்தான்.

"அண்ணே, இந்த டயர் எப்ப போட்டது?"

"ரெண்டு மாசம்தான் தம்பி, புதுசு."

அவன் ஒண்டும் சொல்லாம பெருவிரலால அழுக்கைத் துடைச்சு, "இதை வாசிங்க" எண்டான். ஒரு சின்ன முட்டை வடிவக் கோட்டுக்குள்ள 3118 எண்டு இருந்திச்சு. 2018ஆம் ஆண்டு 31ஆம் கிழமை செஞ்ச டயர். ஆறு வருஷம் எங்கயோ ஸ்டோர்ல கிடந்தத எனக்கு புதுசு எண்டு போட்டு விட்டிருக்காங்க, திகதி இருந்த பக்கத்த நாலு டயரிலயும் உள்ளுக்குத் திருப்பி வச்சு.

அதுக்குப் பிறகும் எனக்குப் புத்தி வரல்ல. ஓடட்டும் பாப்பம் எண்டு விட்டன். நல்லூர் திருவிழாவுக்கு குடும்பத்தோட யாழ்ப்பாணம் போகேக்க வவுனியா தாண்டி ஒரு தேத்தண்ணிக் கடையில நிப்பாட்டினா, பின் டயரின்ட பக்கச் சுவரில கோழிமுட்டை அளவுக்கு ஒரு வீக்கம். ஸ்பெயார் வீலும் இல்ல. அந்த நாள் எப்பிடிப் போச்சுது எண்டத விடுங்க. அதுக்குப் பிறகு நான் திரும்ப டயர் வாங்கின முறைய இங்க எழுதுறன். விலையெல்லாம் நான் கேட்ட நேரத்து விலை, நீங்க போகேக்க மாறியிருக்கும், ஆனா கணக்குப் பாக்கிற விதம் மாறாது.

1. உண்மையாவே மாத்த வேணுமா எண்டு நீங்களே பாருங்க

டயரின்ட பள்ளங்களுக்குள்ள குறுக்கால சின்னச் சின்ன ரப்பர் மேடு இருக்கும். பக்கச் சுவரில டி.டபிள்யு.ஐ (TWI) எண்டோ, சின்ன முக்கோணமோ அடிச்சிருக்கிற இடத்துக்கு நேர மேல பாத்தா காணலாம். அந்த மேட்டின்ட உயரம் 1.6 மில்லிமீட்டர். டயரின்ட மேல் ரப்பர் தேய்ஞ்சு அந்த மேட்டோட சமமா வந்திட்டா டயர் முடிஞ்சுது, அதில பேச்சே இல்ல. புது கார் டயர்ல இந்தப் பள்ளம் 7, 8 மில்லிமீட்டர் அளவில இருக்கும். ஆனா கொழும்பு மழைக்கு 1.6 வரைக்கும் காத்திருக்கிறது புத்தி இல்ல, 3 மில்லிமீட்டருக்குக் கீழ போனாலே தண்ணிய வெளிய தள்ளிற வேலை நல்லாக் குறைஞ்சிடும். ஆமர் வீதிச் சந்தியில ஒரு மழைக்கு எவ்வளவு தண்ணி நிக்கும் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல.

பிறகு பாக்க வேண்டியது வெடிப்பு, வீக்கம், வெட்டு. பக்கச் சுவரில வீக்கம் இருந்தா உள்ளுக்க நூல் அறுந்திருக்கு எண்டு அர்த்தம், அதை ஒருத்தராலயும் திருத்த ஏலாது. ஒட்டித் தாறன் எண்டு யாராவது சொன்னா கும்பிடு போட்டுட்டு வாங்க. பள்ளம் நல்லா இருந்தாலும் டயருக்கு 5 வயசு தாண்டினா வருஷா வருஷம் ஒருக்கா செக் பண்ணோணும், 10 வருஷம் எண்டா எவ்வளவு வடிவா இருந்தாலும் கழட்டிறதுதான்.

எப்பிடித் தேய்ஞ்சிருக்கு எண்டதையும் பாருங்க, இதை நிறையப் பேர் விடுறாங்க. ரெண்டு ஓரமும் தேய்ஞ்சு நடு நல்லா இருந்தா காத்துக் குறைய ஓடியிருக்கு. நடு மட்டும் தேய்ஞ்சா காத்துக் கூட. ஒரு ஓரம் மட்டும் தேய்ஞ்சா அலைன்மென்ட் பிழை, இல்லாட்டி சஸ்பென்ஷன்ல ஏதோ பாகம் ஆடுது. இதைத் திருத்தாம புது டயர் போட்டீங்க எண்டா அந்தப் புது டயரும் அதே மாதிரி ஆறு மாசத்தில போய்டும். எமிஷன் டெஸ்ட்ல பாஸ் ஆன கார்தானே எண்டு சிலர் சொல்லுவாங்க, அங்க பாக்கிறது புகைய, டயர இல்ல.

2. சைஸ குறிச்சு எடுங்க

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தா தூணில ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஜப்பான் கார் எண்டா எழுத்தெல்லாம் ஜப்பான் மொழியில இருக்கும், பயப்பிடாதீங்க, இலக்கம் எங்கட இலக்கம்தான். போன்ல ஒரு போட்டோ எடுங்க. இப்ப போட்டிருக்கிற டயரின்ட பக்கத்தையும் ஒரு போட்டோ எடுங்க. ரெண்டும் ஒண்டா இருக்கா எண்டு பாருங்க, ஏனெண்டா பழைய ஓனர் சைஸ் மாத்திப் போட்டிருக்கலாம். நம்பவேண்டியது ஸ்டிக்கரத்தான்.

என்ட காருக்கு 155/65 ஆர் 14 75 எஸ். இதில 155 எண்டது டயரின்ட அகலம் மில்லிமீட்டர்ல. 65 எண்டது அந்த அகலத்தில 65 வீதம் பக்கச் சுவரின்ட உயரம். ஆர் எண்டா ரேடியல், டயருக்கு உள்ளுக்க நூல் போட்டிருக்கிற விதம். 14 ரிம்மின்ட அளவு, அங்குலத்தில. 75 எண்டது பாரம் தாங்கிற குறியீடு, அப்பிடியே 75 கிலோ எண்டு நினைக்காதீங்க, அந்தக் குறியீட்டுக்கு ஒரு டயர் 387 கிலோ தாங்கும். எஸ் எண்டது வேகக் குறியீடு, மணிக்கு 180 கிலோமீட்டர். டி (T) எண்டா 190, எச் எண்டா 210, வி எண்டா 240.

பாரக் குறியீடும் வேகக் குறியீடும் ஸ்டிக்கர்ல உள்ளதுக்குச் சமமாவோ கூடவோ இருக்கலாம், குறைய மட்டும் போகக் கூடாது. ஹைவேயில 100க்கு மேல ஓட விடாங்கதானே, பிறகு எதுக்கு 180 எண்டு கேக்கலாம். வெயில் நேரம் ஆள், சாமான் ஏத்திக்கொண்டு ஒரு மணித்தியாலம் ஒரே வேகத்தில போகேக்க டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் எண்டதும் அந்த எழுத்துக்குள்ளதான் இருக்கு.

இங்க ஒரு பொறி இருக்கு. "உங்கட சைஸ் ஸ்டொக் இல்ல, 165 போடுவம், இன்னும் நல்லாருக்கும், அதே விலைக்குத் தாறன்." எனக்கும் சொன்னாங்க. 165/65 ஆர் 14 போட்டா டயரின்ட மொத்த விட்டம் 557 மில்லிமீட்டர்ல இருந்து 570க்குப் போகும். ஸ்பீடோமீட்டர் காட்டிறத விட உண்மையில கூட வேகத்தில போவீங்க, ஸ்டியரிங் முழுக்கத் திருப்பேக்க உள்ளுக்க உரசவும் பாக்கும். இந்த விளையாட்டெல்லாம் தெரிஞ்ச ஆக்களுக்கு. முதல்தடவை வாங்கிற நீங்க ஸ்டிக்கர்ல உள்ள சைஸிலயே நில்லுங்க.

3. நாலா ரெண்டா எண்டு முடிவெடுங்க

காசு குறைவு எண்டா நாலு மட்டமான டயரை விட ரெண்டு நல்ல டயர் எவ்வளவோ மேல். மிச்ச ரெண்டும் நல்ல நிலையில இருந்தா இப்ப ரெண்டு, ஆறேழு மாசத்தில ரெண்டு எண்டு பிரிச்சுச் செய்யலாம். ஒரே அச்சில இருக்கிற ரெண்டு டயரும் (முன் ரெண்டும், இல்லாட்டி பின் ரெண்டும்) ஒரே சைஸ், ஒரே பிராண்ட், ஒரே டிசைனா இருக்கிறது கட்டாயம். முன்னுக்கு இடது பக்கம் ஒரு கம்பனி வலது பக்கம் ஒரு கம்பனி எண்டு போட்டா ஈர ரோட்டில பிரேக் அடிக்கேக்க கார் ஒரு பக்கம் இழுக்கும்.

ரெண்டு புதுசு போட்டா எங்க போடோணும்? கடையில பத்தில ஒம்பது பேர் முன்னுக்குப் போடுங்க எண்டுதான் சொல்லுவாங்க, முன்பக்க டயர்தானே இழுக்குது, திரும்புது எண்டு. நானும் அதைத்தான் நம்பினன். ஆனா டயர் செய்யிற கம்பனிகள் சொல்லுறது பின்னுக்குப் போடச் சொல்லி. காரணம் லேசு. மழையில முன் டயர் வழுக்கினா கார் நேராப் போகப் பாக்கும், ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா வேகம் குறைஞ்சு திரும்ப ரோட்டைப் பிடிக்கும். பின் டயர் வழுக்கினா காரின்ட பின்பக்கம் சுத்திக்கொண்டு வரும், அதைப் பிடிக்க எங்கள மாதிரி ஆக்களால ஏலாது. அதால புதுசு பின்னுக்கு, பழசில நல்லது முன்னுக்கு. கடைக்காரர் முகத்தைச் சுழிப்பார், பரவாயில்ல.

4. போன்லயே விலை கேளுங்க, ஆனா முழு விலை கேளுங்க

கடைக்குப் போய் நிண்டு கேக்காதீங்க, நிண்டா வாங்கவேண்டி வந்திடும். பஞ்சிகாவத்தை, தெமட்டகொடை, பேஸ்லைன் ரோட், காலி வீதி, ஹைலெவல் ரோட்ல நுகேகொடை பக்கம் எண்டு எல்லா இடத்திலயும் டயர் கடை இருக்கு. அஞ்சாறு கடைக்கு போன் எடுத்து ஒரே கேள்விய ஒரே மாதிரிக் கேளுங்க: இந்த சைஸ், எந்த பிராண்ட், எந்த நாட்டில செஞ்சது, எந்த வருஷம் எந்தக் கிழமை, ஃபிட்டிங், வால்வ், பேலன்சிங் (சில்லு ஆடாமச் சுத்த பாரம் சரி பண்ணிறது), அலைன்மென்ட் எல்லாம் சேத்து கையில குடுக்கிற காசு எவ்வளவு.

இந்தக் கடைசிக் கேள்விதான் ஆகப் பெரிய வித்தியாசம் காட்டினது. நான் ரெண்டாவது தடவை ரெண்டு டயருக்குக் கேட்ட ரெண்டு கடைக் கணக்கை எழுதுறன், பாருங்க.

முதல் கடை டயர் ஒண்டு 18,800 எண்டான். வாயூறிச்சு. தோண்டிக் கேட்டா ஃபிட்டிங் ஒண்டுக்கு 500, வால்வ் 400, பேலன்சிங் 800, அலைன்மென்ட் 3,500. கூட்டினா 44,500. கார்ட் எண்டா இன்னும் 3 வீதம், அதோட 45,835. ரெண்டாவது கடை டயர் ஒண்டு 19,500 எண்டான், ஃபிட்டிங் ஃப்ரீ, வால்வ் 250, பேலன்சிங் 600, அலைன்மென்ட் 3,000, கார்டுக்கு கூடக் காசு இல்ல. மொத்தம் 43,700. டயர் விலையில 700 கூடச் சொன்ன கடைதான் கடைசியில 2,135 ரூபா மலிவு.

பிராண்டைப் பத்தி என்ட அபிப்பிராயம் மட்டும் சொல்லுறன். எங்கட நாட்டிலயே களனியில செய்யிற சியட் இருக்கு. உள்ளூர்ல செய்யிறதால கப்பல்ல வந்து ஸ்டோர்ல கிடக்கிற காலம் இல்ல, புதுத் திகதி கிடைக்கிறது லேசு, வாரண்டிக்கும் நாட்டை விட்டு வெளிய போகத் தேவையில்ல. அதுக்கு மேல காசு இருந்தா யோகோஹாமா, டன்லொப், பிரிட்ஜ்ஸ்டோன், மெக்சிஸ் எண்டு போகலாம். இதுகளில ஜப்பான்ல செஞ்சதும் இருக்கும், தாய்லாந்து, இந்தோனேசியாவில செஞ்சதும் இருக்கும், விலை நல்லா வித்தியாசம், அதால எந்த நாடு எண்டு கேக்காம விலையை ஒப்பிடாதீங்க. பேர் கேள்விப்படாத சீன பிராண்ட் எல்லாமே கூடாது எண்டு சொல்ல மாட்டன், ஆனா இங்க ஏஜென்ட் ஒருத்தரும் இல்லாத பிராண்ட் எண்டா நான் கை வைக்க மாட்டன்.

சில டயர்ல பக்கத்தில ட்ரெட்வெயர் எண்டு ஒரு இலக்கமும், ட்ராக்ஷன் எண்டு ஒரு எழுத்தும் இருக்கும். ட்ரெட்வெயர் 300, 400 எண்டு கூடக்கூட மெதுவாத் தேயும், ஆனா ஒரே கம்பனியின்ட ரெண்டு டயரை ஒப்பிடத்தான் அது நல்லது, கம்பனிக்குக் கம்பனி அளக்கிற விதம் ஒண்டில்ல. ட்ராக்ஷன் எண்டது ஈர ரோட்டில பிரேக் பிடிக்கிறதுக்கு. ரெட்டை ஏ ஆகத் திறம், ஏ நல்லம், பி எண்டா யோசிங்க, சி எண்டா வேணாம். மலிவு டயர் வாங்கிற ஆள் இந்த எழுத்தைக் கட்டாயம் பாக்கோணும், ஏனெண்டா மலிவு டயர்ல முதல்ல அடிபடுறது ஈரத்தில பிடிக்கிற தன்மைதான்.

5. திகதி, திகதி, திகதி

என்ட 64,000 போனது இந்த இடத்திலதான், அதால கொஞ்சம் நீட்டி எழுதுறன்.

பக்கச் சுவரில டி.ஓ.டி (DOT) எண்டு மூண்டு எழுத்து இருக்கும், அதுக்குப் பக்கத்தில எழுத்தும் இலக்கமுமா ஒரு வரிசை போகும். அந்த வரிசையின்ட கடைசி நாலு இலக்கம்தான் திகதி. முதல் ரெண்டும் கிழமை, பிந்தின ரெண்டும் வருஷம். 0825 எண்டா 2025ஆம் ஆண்டு 8ஆம் கிழமை, அதாவது பெப்ரவரி. மூண்டு இலக்கம் மட்டும் இருந்தா அது 2000க்கு முந்தின டயர், நூதனசாலைக்குக் குடுக்கலாம்.

விசயம் என்னெண்டா நிறைய டயர்ல இந்த முழு வரிசை ஒரு பக்கத்தில மட்டும்தான் இருக்கும். மற்றப் பக்கத்தில டி.ஓ.டி எண்டு தொடங்கி பாதியில நிக்கும், திகதி இருக்காது. அந்தப் பக்கத்த வெளிய வச்சுப் போட்டா நீங்க குனிஞ்சு பாத்தாலும் காண மாட்டீங்க. டயரை ரிம்ல ஏத்த முதல், தரையில உருட்டிக்கொண்டு வரேக்கயே நிப்பாட்டி ரெண்டு பக்கமும் பாருங்க. நாலு டயர் எண்டா நாலையும் பாருங்க, ரெண்டு புதுசும் ரெண்டு பழசும் கலந்து தாறதும் நடக்குது. நான் இப்ப ஒவ்வொரு டயரின்ட இலக்கத்தையும் கடைக்காரருக்கு முன்னாலயே போட்டோ எடுக்கிறன், அதுக்குப் பிறகு அவங்க நடக்கிற விதமே வேற.

டயர் மேல மயிர் மாதிரி ரப்பர் முள்ளு நிக்கிறதும், கலர்க் கோடு, ஸ்டிக்கர் இருக்கிறதும் அது ஓடாத டயர் எண்டதுக்கு அடையாளம், புதுசாச் செஞ்சது எண்டதுக்கு இல்ல. என்ட 2018 டயர்லயும் ஸ்டிக்கர் வடிவா ஒட்டியிருந்திச்சு.

எவ்வளவு பழசு வரைக்கும் வாங்கலாம்? என்ட கணக்கு இது: ஒரு வருஷத்துக்குள்ள எண்டா முழு விலை, ரெண்டு வருஷம் எண்டா விலை குறைச்சாத்தான், அதுக்கு மேல எண்டா வேற கடை. "டயர் ஸ்டோர்ல இருந்தா பழுதாகாது சேர்" எண்டு சொல்லுவாங்க. நிழல்ல, சூடில்லாத இடத்தில ஒழுங்கா வச்சா கொஞ்சம் உண்மைதான். ஆனா தகரக் கூரைக்குக் கீழ அடுக்கினதா, ஏசி ஸ்டோர்ல வச்சதா எண்டு நாங்க எங்க போய்ப் பாக்கிறது?

6. செகண்ட் ஹேண்ட் டயர் பக்கம் போறதெண்டா

நான் போக மாட்டன். ஆனா கையில காசே இல்லாத நேரம் எல்லாருக்கும் வரும், அதால தெரிஞ்சதச் சொல்லுறன்.

பழைய டயருக்கு கறுப்புப் பொலிஷ் அடிச்சு வச்சிருப்பாங்க, பளபளக்கும். துணியால துடைச்சு, பக்கச் சுவரை விரலால மடிச்சுப் பாருங்க, நுண்ணிய வெடிப்பு அப்பதான் தெரியும். தேய்ஞ்ச டயர்ல சூட்டுக் கத்தியால பள்ளத்த ஆழமா வெட்டி விடுறதும் இருக்கு. இதைக் கண்டுபிடிக்க முதல்ல சொன்ன அந்த 1.6 மில்லிமீட்டர் மேட்டைத் தேடுங்க. பள்ளம் ஆழமா இருக்கு, ஆனா மேட்டைக் காணல்ல எண்டா கத்தி பட்டிருக்கு. உள்பக்கத்தில கையை விட்டுத் தடவிப் பாருங்க, ஒட்டுப் போட்ட இடம் எத்தனை எண்டு தெரியும். நடுப்பகுதியில ஒரு சின்ன ஆணி ஓட்டை எண்டா பிரச்சினையில்ல. ஓரத்திலயோ பக்கச் சுவரிலயோ ஒட்டு இருந்தா வேணாம்.

ஜப்பான்ல இருந்து வந்த டயர் எண்டு சொல்லி பனிக்கால டயரை விக்கிறவங்களும் இருக்காங்க. பள்ளத்துக்கு இடையில நெளிநெளியா மெல்லிய வெட்டுக் கனக்க இருக்கும், ரப்பர் நகத்தால அழுத்தினாலே பதியும், பக்கத்தில ஸ்டட்லெஸ் எண்டு இங்கிலீஷ்ல இருக்கும், சிலதில மலைக்குள்ள பனிப்பூ மாதிரி ஒரு படம் இருக்கும். பார்வைக்கு நல்ல ஆழமான பள்ளம், விலையும் மலிவு. ஆனா அந்த ரப்பர் குளிருக்குச் செஞ்சது. கொழும்பு வெயில்ல தார் ரோட்டில களி மாதிரி ஆகி கிடுகிடுண்டு தேயும், மழையில பிரேக்கும் நீளும். ஜப்பான்ல இருந்து வந்த கார் வாங்கினவங்க உங்கட கார்லயே அந்த டயர் இருக்கா எண்டு ஒருக்கா பாருங்க.

டெக் பண்ணின டயர் (தேய்ஞ்ச டயருக்கு மேல புது ரப்பர் ஒட்டினது) பஸ், லொறிக்குச் சரியா இருக்கலாம், குடும்பம் ஏத்திற காருக்கு நான் சம்மதிக்க மாட்டன்.

7. ஃபிட் பண்ணேக்க பக்கத்தில நில்லுங்க

தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க எண்டு அனுப்பப் பாப்பாங்க, போகாதீங்க. டயர்ல அம்புக்குறி இருந்தா அது ஓடுற திசை, அவுட்சைட் எண்டு இருந்தா அது வெளிய வரோணும். மஞ்சள் புள்ளி ஒண்டு இருந்தா அது டயரின்ட பாரம் குறைஞ்ச இடம், வால்வுக்கு நேர வச்சா பேலன்சிங்குக்கு ஈயம் குறையத் தேவைப்படும். ரப்பர் வால்வ் புதுசு போடச் சொல்லுங்க, 250 ரூபா சாமான் வெடிச்சு 20,000 ரூபா டயர் போன கதை இருக்கு.

நட்டை மெஷினால மட்டும் இறுக்கி விட்டா ரோட்டில பஞ்சர் ஆகேக்க உங்களால கழட்ட ஏலாது. கடைசி இறுக்கை கையால இறுக்கச் சொல்லுங்க. பிறகு அலைன்மென்ட். ரிப்போர்ட் பிரின்ட் கேட்டு வாங்குங்க, முந்தி எவ்வளவு, பிந்தி எவ்வளவு எண்டு அதில இருக்கும், பச்சையா வராத இடம் இருந்தா ஏன் எண்டு கேளுங்க.

நைட்ரஜன் அடிக்கட்டா எண்டு கேப்பாங்க. சாதாரணக் காத்திலயே 78 வீதம் நைட்ரஜன்தான். ஃப்ரீயாத் தந்தா வாங்குங்க.

8. பில், வாரண்டி, கார்ட்

பில்லில என்னென்ன இருக்கோணும்: கடைப் பேர், திகதி, வாகன இலக்கம், டயர் பிராண்டும் முழு சைஸும், எத்தனை டயர், ஒவ்வொண்டின்ட டி.ஓ.டி கடைசி நாலு இலக்கம், ஓடின கிலோமீட்டர். "டயர் 4, மொத்தம் 64,000" எண்டு மட்டும் எழுதின துண்டை வச்சுக்கொண்டு நான் அந்தக் கடைக்குத் திரும்பப் போய் நிண்டது இன்னும் ஞாபகம், "இது எங்கட டயரா எண்டு எப்பிடித் தெரியும்?" எண்டு கேட்டான். பதில் சொல்ல என்னட்ட ஒண்டும் இல்ல.

வாரண்டி கார்ட்ல சீல் அடிச்சு வாங்குங்க. வாரண்டி பெரும்பாலும் செஞ்ச பிழைக்கு மட்டும்தான், குழியில விழுந்து வெடிச்சா, கல்லு வெட்டினா தரமாட்டாங்க. எது உள்ள எது வெளிய எண்டு காசு குடுக்க முதல் கேளுங்க. பில் தர மறுத்தாலோ ஏமாத்தினாலோ பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977ல சொல்லலாம்.

கார்ட்ல குடுத்தா 3 வீதம் கூட எண்டு கேக்கிறது பழக்கமாப் போச்சுது. அந்தக் காசை எங்கட்ட வாங்கக் கூடாது எண்டு மத்திய வங்கியே சொல்லியிருக்கு, உங்கட கார்ட் பேங்குக்கு முறையிடலாம். சண்டை பிடிக்க நேரமில்லாட்டி வேற கடை பாருங்க. தவணை முறையில வட்டி இல்லாம 3, 6, 12 மாசம் எண்டு சில கடையில இருக்கு, ஆனா அந்தக் கடையின்ட தவணை விலையும் கைக்காசு விலையும் ஒண்டா எண்டு முதல்ல கேளுங்க. வட்டி இல்ல எண்டுபோட்டு டயர் விலையில ஏத்தி வச்சிருப்பாங்க.

உங்கட இன்சூரன்ஸ் பாலிசியையும் ஒருக்கா எடுத்து வாசிங்க. வாகனம் ஓடக்கூடிய நல்ல நிலையில இருக்கோணும் எண்டு ஒரு வரி இருக்கும். மொட்டை டயரோட அடிபட்டா அந்த வரியைத்தான் தூக்கிக் காட்டுவாங்க.

9. எப்ப மாத்திறது

மே மாச மழை தொடங்க முதல், இல்லாட்டி ஒக்டோபருக்கு முதல். சித்திரை வருஷத்துக்கும் டிசம்பருக்கும் கார்ட் ஒஃபர் வரும், ஆனா ஊருக்குப் போறவங்க எல்லாரும் அந்த ஒரு கிழமைக்குள்ள வருவாங்க, கடையில நிக்கவும் இடமிருக்காது, வேலையும் அவசரத்தில நடக்கும். கிழமை நாள்ல காலமை போங்க. ரெண்டு டயரும் அலைன்மென்ட்டும் எனக்கு ஒண்டரை மணித்தியாலத்தில முடிஞ்சுது. தூரப் பயணத்துக்கு முதல் நாள் மட்டும் மாத்தாதீங்க, ஏதாவது பிழை எண்டா திரும்பப் போக நேரம் வேணும்.

10. போட்டு வந்த பிறகு

புது டயர் முதல் 200, 300 கிலோமீட்டருக்கு கொஞ்சம் வழுக்கும், டயர் வார்க்கிற அச்சில இருந்து எடுக்கப் பூசின எண்ணெய்த் தன்மை மேல இருக்கும், அது போகும் வரைக்கும் மெதுவா ஓடுங்க. 100 கிலோமீட்டர் ஓடினதும் நட்டை ஒருக்கா இறுக்கிப் பாருங்க.

காத்து மாசத்தில ரெண்டு தரம் பாருங்க, காலமை கார் ஓட முதல், டயர் குளிரா இருக்கேக்க. வீட்டுக்குக் கிட்ட இருக்கிற பெட்ரோல் ஷெட்டுக்குப் போறது நல்லம். ஜப்பான் ஸ்டிக்கர்ல காத்தின்ட அளவு கேபிஏ (kPa) கணக்கில 220, 240 எண்டு இருக்கும், ஷெட்ல இருக்கிற மெஷின் பிஎஸ்ஐ (psi) எண்ட வேற கணக்கில இருக்கும். 7ஆல பிரிச்சா கிட்டத்தட்ட வரும், சரியாச் சொன்னா 220க்கு 32, 240க்கு 35. ஷெட் பெடியன் எல்லாக் காருக்கும் 30 எண்டு கண்ணை மூடிக்கொண்டு அடிப்பான், நீங்க இலக்கத்தச் சொல்லி அடியுங்க. 10,000 கிலோமீட்டருக்கு ஒருக்கா முன்பின் மாத்திப் போடுங்க.

கழட்டின பழைய டயரை வீட்டுக்குக் கொண்டு வராதீங்க. ஊஞ்சல் கட்டலாம், பூ வைக்கலாம் எண்டு தோணும். ஒரு மழைக்குத் தண்ணி நிண்டு நுளம்பு வந்திடும், பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பாத்தா வழக்கு வேற. கடையிலயே விட்டுட்டு, விலையில ஏதாவது கழிக்கச் சொல்லிக் கேளுங்க, சில நூறு ரூபாயாவது கழிப்பாங்க.

இன்னொண்டு, இது நான் வவுனியாவில படிச்சது. வேகன் ஆர் மாதிரி சின்ன ஜப்பான் கார் பலதில ஸ்பெயார் வீல் இல்ல, பூட் தட்டுக்குக் கீழ ஒரு குட்டி கம்ப்ரசரும் ஓட்டை அடைக்கிற பசைப் போத்தலும்தான் இருக்கும். பக்கச் சுவர் வீங்கினா அந்தப் பசையால ஒண்டும் செய்ய ஏலாது, ஆணி ஓட்டைக்குத்தான் அது. அந்தப் போத்தலுக்கும் திகதி இருக்கு. நான் அண்டைக்குத்தான் முதல்முதல் வெளிய எடுத்துப் பாத்தன், முடிஞ்சு ரெண்டு வருஷம்.